இத்தாலியக் கடலோரத்தில் குடும்ப பி அண்ட் பி: மோனோபொலியில் தங்க முழுமையான வழிகாட்டி

தெற்கு இத்தாலியின் பூல்யா மாநிலத்தில், பாரி நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஆட்ரியாட்டிக் கடலை ஒட்டி இருக்கிறது மோனோபொலி. மீன்பிடி ஊர். பழைய துறைமுகத்தில் நீல நிற மரப்படகுகள், அதைச் சுற்றி வெள்ளையடித்த வீடுகளும் கல் பாவிய சந்துகளும், மதிலுக்குக் கீழேயே காலா போர்த்தா வெக்கியா என்ற சின்ன மணல் கடற்கரை. இந்தச் சந்துகளில் பல குடும்பங்கள் தங்கள் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி பி அண்ட் பி, அதாவது படுக்கையும் காலை உணவும் தரும் வீட்டுத் தங்குமிடம், நடத்துகின்றன. பூல்யாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில் பதிவு இல்லாமல் குடும்பமே நடத்தும் பி அண்ட் பியில் 3 அறைகளுக்கு மேல் கூடாது. தொழிலாகப் பதிந்து நடத்தினால் 6 வரை போகலாம்.

ஓட்டல் என்றால் வரவேற்பு மேசையில் எப்போதும் ஆள் இருப்பார். இங்கே கதவைத் திறந்துவிடுபவரேதான் காலையில் காபி போடுவார், படுக்கை விரிப்பு மாற்றுவார், மதியம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நமக்காக எவ்வளவோ செய்வார்கள். நேரில் வந்து நின்றுகொண்டு கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் ஏமாற்றம். கீழே வரும் யோசனைகளில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆகஸ்ட் மாதம் இத்தாலியர்களே கடற்கரைக்குக் கிளம்பும் காலம். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை. அதற்கு முந்தைய நாள் மாலை மோனோபொலியில் மாதாவின் திருவுருவம் கடல் வழியே துறைமுகத்துக்கு வரும் திருவிழா. பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் அந்த வாரம் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், ஒரு இரவுக்கு மட்டும் அறை தர மாட்டார்கள்.

எங்கள் பரிந்துரை ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். செப்டம்பரில் கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பல வீடுகள் மூடிவிடும். திறந்திருப்பவற்றில் தடித்த கல் சுவர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அறை சில்லிட்டுக் கிடக்கும். அப்போது போவதானால் அறையில் ஹீட்டர் உண்டா, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

2. விளம்பரத்தைப் படிக்கும் விதம்

முதலில் பார்க்க வேண்டியது சி.ஐ.என். என்ற தேசிய அடையாள எண். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு இடமும் இந்த எண்ணை விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் காட்டியாக வேண்டும். ஐ.டி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். எண் இல்லாத விளம்பரத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பதிவில்லாத இடத்தில் தகராறு வந்தால் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது.

அடுத்து, பூல்யாவின் பழைய ஊர்களுக்கே உரிய சில பொறிகள்.

சொப்பால்கோ என்று எழுதியிருந்தால் அறைக்குள்ளேயே பரண் கட்டி அதன் மேல் படுக்கை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இங்குள்ள வீடுகளுக்கு வளைகூரை உயரமானது, அந்த உயரத்தை வீணாக்காமல் இப்படிச் செய்வார்கள். படத்தில் அழகாக இருக்கும். ஏறும் படி செங்குத்து. மேலே பல இடங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது. கோடையில் சூடு முழுவதும் மேலேதான் தேங்கும், ஏசியோ கீழே இருக்கும். வயதானவர்கள், இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறவர்கள், சின்னக் குழந்தை உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

பான்யோ ப்ரிவாத்தோ எஸ்தெர்னோ என்றால் குளியலறை உங்களுக்கு மட்டும்தான், ஆனால் அறைக்கு வெளியே நடைவழியில் இருக்கும். பியானோ தெர்ரா என்றால் தரைத்தளம். பழைய ஊரில் தரைத்தள அறையின் ஒரே சன்னல் கதவிலேயே இருப்பதும் உண்டு. திறந்தால் சந்தில் போகிறவர்கள் உங்கள் கட்டிலைப் பார்க்கலாம், மூடினால் காற்று இல்லை. தரைத்தளத்தை விட முதல் மாடி எப்போதும் நல்லது. லிஃப்ட் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பியாட்சா கரிபால்தி சதுக்கத்தை ஒட்டிய அறைகளில் கோடை இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் பேச்சும் தட்டுச் சத்தமும் கேட்கும். சீக்கிரம் தூங்குகிறவர்கள் இரண்டு சந்து உள்ளே தள்ளிப் பாருங்கள், அல்லது ரயில் நிலையத்துக்கும் பழைய ஊருக்கும் நடுவே நேர்நேரான தெருக்கள் உள்ள பகுதியில் தேடுங்கள்.

3. முன்பணமும் விசாவும்

நேரடியாக வீட்டுக்காரரிடம் பதிவு செய்தால் மொத்தத்தில் 30 சதவீதம் வரை முன்பணம் கேட்பது வழக்கம். அது கப்பார்ரா என்று கேட்கப்படுகிறதா, அக்கொந்தோ என்றா என்பதைக் கவனியுங்கள். இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 1385-ஆம் பிரிவுப்படி, உறுதிப்படுத்தும் கப்பார்ரா கொடுத்துவிட்டு நீங்கள் வராமல் போனால் அந்தப் பணம் அவருக்கு. அவர் அறை தராமல் போனால் இரு மடங்காக உங்களுக்குத் திருப்ப வேண்டும். அக்கொந்தோ என்பது வெறும் பகுதிப் பணம், அதற்கு இந்த விதி கிடையாது.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விசா கையில் வருவதற்கு முன் திரும்பி வராத முன்பணம் கட்டாதீர்கள், இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாகவே எடுங்கள். விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று கேட்பார்கள். சின்ன பி அண்ட் பிக்களின் உறுதிக் கடிதம் பெரும்பாலும் ஒரு வரியில் இருக்கும், அது போதாது. தங்குகிற எல்லோரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வரும் தேதி, போகும் தேதி, முழு முகவரி, சி.ஐ.என்., தொலைபேசி எண் இவை அனைத்தும் உள்ள கடிதம் கேளுங்கள். எதற்காக என்று சொன்னால் எழுதித் தருவார்கள்.

4. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு செய்தி

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இத்தாலியக் குடும்பங்கள் மின்னஞ்சலை விட அதைத்தான் உடனே பார்க்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, சின்னச் சின்ன வாக்கியங்களாக:

- எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மோனோபொலி ரயில் நிலையத்தில் இறங்குவோம்
- எத்தனை பேர், கட்டில் சேர்ந்ததா தனித்தனியா
- யார் என்ன சாப்பிட மாட்டார்கள்
- சன்னலில் கொசுவலை உண்டா
- சுற்றுலா வரி எவ்வளவு, ரொக்கமாகவா

வந்து சேரும் நேரம்தான் இதில் முக்கியம். அறை தரும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 3 மணியிலிருந்து இரவு 8 மணி வரை. அதற்குப் பிறகு வந்தால் சிலர் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள், முன்பே சொன்னால் பலர் வாங்க மாட்டார்கள். பாரியில் ரயில் ஏறியதும் இன்னொரு செய்தி அனுப்புங்கள். பழைய ஊர்ச் சந்துகளில் கூகுள் வரைபடம் தடுமாறும். வீட்டுக்காரர் சதுக்கத்துக்கோ தேவாலய வாசலுக்கோ வந்து கூட்டிப் போவதே இரு தரப்புக்கும் எளிது.

5. ஊர் போய்ச் சேருதல்

பாரி விமான நிலையத்திலிருந்து பாரி சென்ட்ராலே நிலையத்துக்கு ரயில் உண்டு, சுமார் 20 நிமிடம். அங்கே பிளாட்பாரம் மாறி, லெச்சே நோக்கிப் போகும் பாதையில் உள்ளூர் ரயில் பிடித்தால் அரை மணிக்குச் சற்று மேல் மோனோபொலி. காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கிய உள்ளூர் ரயில் சீட்டென்றால் ஏறும் முன் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். பணம் கட்டியிருந்தும் இதை மறந்து அபராதம் கட்டுகிறவர்கள் ஏராளம். வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும், பயணத்தை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து பழைய ஊருக்குப் பதினைந்து நிமிட நடை. பெட்டி இழுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சந்துகளில் பாவியிருக்கும் கியாங்கே என்ற கல் பலகைகள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பாகி, இடையிடையே பள்ளம் விழுந்தவை. சின்னச் சக்கரப் பெட்டி அதில் மாட்டும். தோளில் மாட்டும் பை உத்தமம்.

வாடகைக் காரில் வருகிறவர்கள் பழைய ஊருக்குள் நுழையவே கூடாது. சிவப்பு வட்டமிட்ட வெள்ளைப் பலகையில் சோனா த்ராஃபிக்கோ லிமிதாத்தோ என்று எழுதியிருந்தால் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகலாம். கேமரா எண்ணைப் பிடிக்கும். அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும், வாடகை நிறுவனம் அதற்கு மேல் தன் கட்டணத்தையும் சேர்க்கும். வண்டி நிறுத்தும் இடங்களில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

6. வாசலில் முதல் பத்து நிமிடம்

குழந்தைகள் உட்பட எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து வையுங்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் விருந்தினர் விவரத்தைக் காவல் துறையின் இணையதளத்தில் ஏற்றுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அதனால் அவர் படம் எடுத்துக்கொண்டால் சந்தேகப்பட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

சுற்றுலா வரி ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று அந்தந்த நகராட்சி வைப்பது. அறை வாடகையில் சேராது, பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு, வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். ரசீது கேளுங்கள்.

அறையைக் காட்டும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: தெருக் கதவுச் சாவியை எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருப்புவது, குப்பை எங்கே, மின்சாரம் போனால் சுவிட்ச் எங்கே. சாவியை அவர் முன்னாலேயே ஒரு முறை திருப்பிப் பாருங்கள். இரவு 11 மணிக்கு வாசலில் நின்று போராடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

7. மின்சாரமும் சுடுதண்ணீரும்

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது. பெரும்பாலான இத்தாலிய வீடுகளுக்கு மின் இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. சாப்பிடும் அறை, விருந்தினர் அறைகள், குடும்பத்தின் சமையலறை எல்லாம் அந்த ஒரே இணைப்பில் ஓடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹேர் டிரையர் 2 கிலோவாட், தண்ணீர்ச் சூடேற்றி 1.2, ஏசி சுமார் 1. மூன்றும் சேர்ந்தால் 4.2. மீட்டர் கொஞ்ச நேரம் பொறுக்கும், பிறகு டப்பென்று வீடே இருண்டுவிடும். சுவிட்சைத் தூக்கிவிட அறையில் உள்ள பெட்டி போதாது. பல வீடுகளில் தரைத்தள மீட்டருக்கே இறங்கிப் போக வேண்டும். மின் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் கொண்டுபோய் அறையில் போடாதீர்கள். ஹேர் டிரையர் போடும்போது ஏசியை நிறுத்துங்கள்.

மின்னழுத்தம் 230 வோல்ட், நம் ஊர் போலத்தான். பிளக் வேறு. இத்தாலியில் மூன்று துளை ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பிளக் நேராகப் போகும், உருண்டையான மூன்று முள் இந்திய பிளக் போகாது. இத்தாலிக்கான அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள்.

சூடேற்றி தொட்டி பல வீடுகளில் 50 லிட்டர்தான். இரண்டு பேர் நிதானமாக ஷவரில் நின்றால் தீர்ந்துவிடும், மறுபடி சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு பேர் குடும்பம் என்றால் இருவர் காலையில், இருவர் மாலையில். ஷவருக்குப் பக்கத்தில் தொங்கும் கயிறு துணி காயப்போட அல்ல, அவசர மணி. இழுத்தால் வீட்டுக்காரர் ஓடி வருவார்.

கழுவித்தான் பழக்கம் என்று கவலைப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி. இத்தாலிய வீட்டில் பிதே என்ற தாழ்ந்த தொட்டி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்கும், குழாயைத் திறந்து உட்கார்ந்து பயன்படுத்துங்கள். பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னத் துண்டு அதற்குத்தான், முகம் துடைக்க அதை எடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

8. காலை உணவு

வழக்கமாக 8 முதல் 10 மணி வரை. சிற்றுண்டி என்று சூடாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், இத்தாலியரின் காலை இனிப்போடு தொடங்கும். மேசையில் ரஸ்க் போன்ற ஃபெத்தே பிஸ்கொத்தாத்தே, அத்தி ஜாம், பொட்டலமிட்ட கேக், தயிர், பழம் இருக்கும். பல மாநிலங்களில் குடும்ப பி அண்ட் பி பொட்டலமிட்ட உணவைத்தான் பரிமாறலாம் என்று விதி இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் குரொய்சான் வந்தால் அது கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வீடுகள் தெருமுனை பாருக்கு, அதாவது காபிக் கடைக்கு, சீட்டுக் கொடுத்துவிடும்: ஒரு காப்புசினோ, குரொய்சான் போன்ற ஒரு கொர்னெத்தோ. உள்ளே எதுவும் வைக்காதது வேண்டுமென்றால் வுவோத்தோ என்று கேளுங்கள்.

காபி, அலுமினிய மோக்கா பாத்திரத்தில் போடுவது. கீழே தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தி டிகாஷனை மேலே தள்ளும். நம் ஃபில்டர் டிகாஷன் குடித்துப் பழகியவர்களுக்கு நிறைவாக இருக்கும். சூடான பால் தனியே கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

கோடையில் வீட்டுத் தோட்டத்துக் காய்கறி மேசைக்கு வந்தால் பரத்தியேரே உண்டா பாருங்கள். பூல்யாவின் முலாம்பழ இனம், வெளிறிய பச்சைத் தோல், வெள்ளரி போலவே நறுக்கிச் சாப்பிடுவார்கள். வெள்ளரிக்கு உள்ள கசப்பு இதில் இல்லை, நறுக்கியதும் தண்ணீர் சொட்டும். உப்பும் ஆலிவ் எண்ணெயும் போதும். இதை வேறெங்கும் எளிதில் காண முடியாது, தவறவிடாதீர்கள்.

எடுத்ததைச் சாப்பிட்டு முடியுங்கள். மதியத்துக்கென்று பொட்டலம் கட்டிக்கொள்வது மரியாதை இல்லை.

9. வெளியே சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

மதியம் 12.30 முதல் 2.30, இரவு 7.30-க்கு மேல். நடுவில் சமையலறை மூடியிருக்கும், மதியம் 1 மணிக்கு மேல் கடைகளும் பெரும்பாலும் மாலை 5 வரை மூடியிருக்கும். பசி தாங்காதவர்கள் காலையிலேயே பேக்கரியில் தக்காளி, ஆலிவ் போட்ட பாரி ஃபொக்காச்சா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாவே எ சிக்கோரியா, அதாவது மசித்த ஃபாவா பருப்பும் கசப்புக் கீரையும், முழுச் சைவம். நம் வாய்க்கு உடனே ஒத்துப்போகும். சைவம் போலத் தெரிந்து ஏமாற்றுபவை வேறு. ஒரேக்கியெத்தே கோன் சீமே தி ராப்பா கீரைப் பாஸ்தாவில் நெத்திலி போன்ற அச்சூகே மீன் கரைந்திருக்கும். கத்தரிக்காய் பார்மிஜானாவில் பூல்யாவில் சிலர் மோர்த்தாதெல்லா என்ற பன்றி இறைச்சி வைப்பார்கள். பஸ்திச்சோத்தோ என்ற கிரீம் பலகாரத்தின் மாவு பன்றிக் கொழுப்பில் பிசைவது மரபு. வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் போதாது. "சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே, சென்ட்சா அச்சூகே, சென்ட்சா ஸ்த்ருத்தோ" என்று இறைச்சி, மீன், நெத்திலி, பன்றிக் கொழுப்பு நான்கையும் பெயர் சொல்லி மறுங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்கள் விலைப்பட்டியலில் ஏத்தோ என்ற சொல்லைப் பாருங்கள். அது 100 கிராம் விலை. 6 யூரோ என்று போட்டிருந்து 600 கிராம் மீன் வந்தால் 36 யூரோ. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ரொட்டிக்கும் இருக்கைக்குமாக ஆளுக்கு ஓரிரு யூரோ கொப்பெர்த்தோ என்று சேர்வது வழக்கம்.

10. வீட்டுப் பழக்கங்கள்

எதிர்ப்படும்போதெல்லாம் காலையில் புவோன் ஜோர்னோ, மாலையில் புவோனா சேரா. வயதான அம்மாவைச் சின்யோரா என்று அழையுங்கள். குடும்பம் புழங்கும் பகுதிக்குள் நுழையும் முன் பெர்மெஸ்ஸோ என்று குரல் கொடுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது அங்கே வினோதமாகத் தெரியும், வீட்டுச் செருப்பு ஒன்று எடுத்துப் போங்கள்.

அறைத் துண்டைக் கடற்கரைக்கு எடுத்துப் போகக் கூடாது. மணலும் சன்ஸ்கிரீன் கறையும் வெள்ளைத் துண்டை நாசமாக்கும். பாறைக் குளங்களில் இறங்க ரப்பர் செருப்பு வேண்டும், கடல் முள்ளெலி குத்தினால் நடக்க முடியாது. வடமேற்குக் காற்றான மாயெஸ்த்ராலே வீசும் நாளில் இந்தக் கரையில் அலை எழும்பும். காலையில் வீட்டுக்காரரிடம் கடல் எப்படி என்று கேளுங்கள், எந்தத் துறையில் இறங்கலாம் என்று அவரே சொல்வார்.

குப்பையை ஈரமானது, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மற்றவை என்று பிரிக்க வேண்டும். கலந்து போட்டால் அபராதம் வீட்டுக்காரருக்கு.

11. கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10. பெட்டியை மாலை வரை வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்க மாட்டார்கள், ஆனால் எடுக்க வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். தொழில் பதிவில்லாத குடும்ப பி அண்ட் பியின் ரசீது 77.47 யூரோவைத் தாண்டினால் 2 யூரோ முத்திரைத் தலை ஒட்ட வேண்டும். அந்த 2 யூரோவைத் தனியே கேட்டால் அது சட்டப்படியானதுதான்.

விடியற்காலை விமானம் என்றால் பாரிக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாள் மாலையே பாருங்கள். விமானத்துக்கு அது போதாவிட்டால் டாக்சியை வீட்டுக்காரர் மூலமாகவே சொல்லி வையுங்கள், விடியலில் தெருவில் டாக்சி கிடைக்காது. பழைய ஊர்ச் சந்துக்குள் வண்டி வராது என்பதால் எந்த முனையில் நிற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 8 மணிக்கு முன் கிளம்புகிறவர்கள் கொலாத்சியோனே அல் சாக்கோ, அதாவது பையில் கட்டிய காலை உணவு, வேண்டும் என்று இரவே சொல்லிவிட்டால் கதவருகே வைத்திருப்பார்கள். சாவியை மேசையிலா, அஞ்சல் பெட்டியிலா எங்கே விடுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.